கழிமுகம் பார்த்து ஓட்டுங்கள்: சென்னையிலிருந்து குமரி வரை ஒரே பைக்கில் இருவர் போவதற்கான முழுமையான வழிகாட்டி

சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு மதுரை வழியாக நான்குவழிச் சாலையைப் பிடித்தால் சுமார் 700 கிலோமீட்டர். கடலை ஒட்டியே போனால், உள்ளே வெளியே சுற்றுவதையும் சேர்த்து 1,100 வரை வரும். இதை நான்கு நாளில் முடிப்பவர்கள் இருக்கிறார்கள். நான் பத்து நாள் கேட்பேன். அதற்கு முதல் காரணம் கரையோரத்துச் சரித்திரம். இரண்டாவது காரணம் பின்சீட்டில் உட்கார்ந்திருப்பவரின் இடுப்பு. என் கணவரும் நானும் மாறி மாறி ஓட்டுகிறவர்கள் என்பதால் இரண்டு சீட்டின் நியாயமும் எனக்குத் தெரியும். இந்தப் பாதையில் பின்சீட்டுக்காரர் எவ்வளவு தூரம் தாங்குவாரோ அதுதான் அன்றைய தூரம்.

வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு ஆறுகள் கடலில் சேரும் இடங்களை மட்டும் பென்சிலால் வட்டமிடுங்கள். பாலாற்றுக்குப் பக்கத்தில் சதுரங்கப்பட்டினம், அரியாங்குப்பம் ஆற்றில் அரிக்கமேடு, கெடிலத்தில் கடலூர், வெள்ளாற்றில் பரங்கிப்பேட்டை, காவிரியில் பூம்புகார், கடுவையாற்றில் நாகப்பட்டினம், வைகையில் அழகன்குளம், தாமிரபரணியில் கொற்கை. சோழமண்டலக் கரையில் இயற்கையான ஆழ்துறைமுகம் கிடையாது. பெரிய கப்பல்கள் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கைச் சிறு படகுகளில் ஏற்றி ஆற்று வாய்க்குள் கொண்டுவருவார்கள். அதனால் ஆற்று வாய் இருந்த இடத்தில் ஊர் வளர்ந்தது, மணல் தூர்ந்து வாய் அடைபட்டதும் ஊர் சுருங்கியது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பத்து நாளும் பார்ப்பது சிதறிய கோட்டைகளாகத் தெரியாது, ஒரே கதையாகத் தெரியும். அதனால்தான் பயணத்தைக் கிலோமீட்டரில் பிரிக்காமல் கழிமுகத்தில் பிரிக்கச் சொல்கிறேன்.

எப்போது கிளம்புவது

பொங்கல் முடிந்ததிலிருந்து மார்ச் முதல் வாரம் வரைதான் சரியான காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும் இந்தக் கரையைத்தான் குறிவைக்கும். 2004 டிசம்பர் சுனாமியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், தனுஷ்கோடியை அழித்த 1964 புயலும் டிசம்பரில் வந்ததுதான். ஏப்ரல், மே மாதங்களில் ஜாக்கெட் போட்டுக்கொண்டு இருவர் ஒட்டி உட்கார்ந்து போவது உடம்புக்கு ஆகாது. ஜூனிலிருந்து தென்மேற்குக் காற்று தென்கோடியில் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். இன்னொன்று, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம். நல்ல மீன் சாப்பாட்டுக்காகவும் போகிறீர்கள் என்றால் அந்த இரண்டு மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

ஜனவரி, பிப்ரவரிக்கும் ஒரு ஆபத்து உண்டு. டெல்டாவில் அறுவடை நேரம் அது. சீர்காழியிலிருந்து வேதாரண்யம் வரை கிராமத்துச் சாலைகளில் நெல்லைக் காயப்போட்டிருப்பார்கள், வைக்கோலைப் பரப்பியிருப்பார்கள். வைக்கோல் மேல் முன்பிரேக்கைத் தொட்டால் சக்கரம் வழுக்கும். பின்னால் ஆள் இருக்கும்போது வண்டியை நிமிர்த்துவதும் கஷ்டம். தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, கியரை இறக்கி, பிரேக்கைத் தொடாமல் நேராகக் கடந்துவிடுங்கள்.

வண்டியை இருவருக்காகத் தயார் செய்வது

இதற்குப் பெரிய வண்டி வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 150 சிசியே போதும். வண்டியின் சக்தியைவிட அது தாங்கும் எடைதான் முக்கியம். கையேட்டில் அதிகபட்ச எடை போட்டிருக்கும். இருவர் எடையும் பை எடையும் சேர்ந்து அதற்குள் அடங்குகிறதா என்று முதலில் கூட்டிப் பாருங்கள்.

அப்புறம் மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு வராமல், கூடவே நின்று செய்ய வேண்டியவை சில உண்டு. பின் ஷாக் அப்சார்பரின் பிரீலோடை, அதாவது அதன் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை, கூட்டுங்கள். இதைச் செய்யாததால்தான் பலருக்கு முதல் நாள் மாலையே முதுகு பிடித்துக்கொள்கிறது. டயர் காற்றை, இருவருக்கு என்று வண்டியிலேயே ஒட்டியிருக்கும் அளவுக்கு ஏற்றுங்கள். காலையில் டயர் சூடாகும் முன்பே அளக்க வேண்டும். பின்னால் ஆளும் பையும் ஏறினால் வண்டியின் பின்பக்கம் இறங்கி ஹெட்லைட் வெளிச்சம் மேலே போய்விடும். எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும், உங்களுக்குச் சாலையும் தெரியாது. இருவரும் உட்கார்ந்த நிலையில் சுவர் முன் நிறுத்தி லைட்டை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் ஷூவோ பேடோ பாதி தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். எடை கூடும்போது வண்டி நிற்க எடுக்கும் தூரமும் கூடும்.

கடற்கரைப் பயணத்தில் செயினுக்குத் தனிக் கவனம் வேண்டும். உப்புக்காற்றும் மணலும் சேர்ந்து இரண்டே நாளில் அதைக் காயவைத்துவிடும். சின்ன செயின் லூப் (மசகு எண்ணெய்) பாட்டிலும் பழைய டூத் பிரஷும் பையில் இருக்கட்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை இரவில், செயின் சூடாக இருக்கும்போதே துடைத்து லூப் போடுங்கள். டியூப்லெஸ் டயர் என்றால் பஞ்சர் கிட்டும் சின்ன பம்பும், டியூப் டயர் என்றால் ஒரு மாற்று டியூபும் எடுத்துக்கொள்ளுங்கள். கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், ஒரு பிளக், பியூஸ், நான்கு கேபிள் டை. இவ்வளவு போதும். கடற்கரை ஊர் ஒவ்வொன்றிலும் மெக்கானிக் உண்டு, பொருள்தான் சில நேரம் கிடைக்காது.

ஆவணங்களில் ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ், இருவரும் ஓட்டுவதாக இருந்தால் இருவரின் லைசென்ஸ். டிஜிலாக்கரில் இருந்தாலே செல்லும், ஆனாலும் ஒரு நகல் இருப்பது நல்லது. நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் பைக்குக்குக் கட்டணம் இல்லை, இடது ஓரத் தடத்தில் போய்விடலாம்.

பின்சீட்டில் இருப்பவருக்கு

ஓட்டுபவருக்கு நல்ல ஹெல்மெட், பின்னால் இருப்பவருக்கு வீட்டில் கிடந்த பழைய ஹெல்மெட் என்ற வழக்கம் எனக்குக் கோபத்தைத் தரும். விழுந்தால் இருவரும்தான் விழுகிறோம். இருவருக்கும் ஒரே தரத்தில், முகம் முழுக்க மூடும், ஐஎஸ்ஐ முத்திரையுள்ள ஹெல்மெட் வாங்குங்கள். கால் மூடிய ஷூ, முழுக்கை ஜாக்கெட், கையுறை எல்லாம் இருவருக்கும். துப்பட்டாவும் சேலைத் தலைப்பும் செயினுக்கு அருகே போகவே கூடாது. கோயிலுக்கும் தர்காவுக்கும் போட வேண்டியதைப் பையில் வைத்திருந்து அங்கே போர்த்திக்கொள்ளலாம்.

காற்றில் பேசினால் கேட்காது. தோளில் ஒரு தட்டு என்றால் மெதுவாக, இரண்டு தட்டு என்றால் வசதியான இடத்தில் நிறுத்து, அழுத்திப் பிடித்தால் உடனே நிறுத்து என்று கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இன்டர்காம் வாங்க வசதி இருந்தால் வாங்கலாம், கட்டாயம் இல்லை. வளைவில் ஓட்டுபவரோடு சேர்ந்து சாய வேண்டும், எதிர்ப்பக்கம் நிமிரக் கூடாது. ஏறும்போதும் இறங்கும்போதும் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும்.

40 நிமிடம் முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஒருமுறை நிறுத்துங்கள். பெண்களுக்குக் கழிவறை ஒரு பெரிய பிரச்சினை என்பதால் அதைச் சுற்றியே நிறுத்தங்களைத் திட்டமிடுவது புத்திசாலித்தனம். பெட்ரோல் பங்க், தொல்லியல் துறையின் டிக்கெட் உள்ள இடங்கள், ஓரளவு பெரிய ஓட்டல் என்று முந்தைய இரவே குறித்துக்கொள்ளுங்கள். குறிப்பாக அதிராம்பட்டினத்துக்கும் இராமநாதபுரத்துக்கும் நடுவிலும், சாயல்குடியிலிருந்து தூத்துக்குடி வரையிலும் நீண்ட வெறுமை உண்டு. இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்கள் நிறையப் பேர். வெயிலில் அது மயக்கத்தில் போய் முடியும். மாதவிலக்கு நாள் என்றால் அன்றைய தூரத்தைப் பாதியாக்குங்கள் அல்லது ஓய்வுநாள் ஆக்குங்கள். பத்து நாள் கேட்டதில் அந்தக் கணக்கும் இருக்கிறது.

தங்குமிடத்தில் இருவரின் அடையாள அட்டையும் கேட்பார்கள். மணமாகாத ஜோடி ஒரே அறையில் தங்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. ஆனால் கோயில் ஊர்களில் சில லாட்ஜ்கள் அறை தர மறுக்கும். முன்கூட்டியே போனில் பேசி உறுதிசெய்துகொண்டால் ராத்திரி எட்டு மணிக்கு வாசலில் நின்று வாதாட வேண்டியிருக்காது.

ஒரு நாளின் நேரக்கணக்கு

விடிந்தும் விடியாமலும் கிளம்புங்கள். பதினொரு மணிக்குள் ஓட்டத்தின் பெரும்பகுதி முடிந்துவிட வேண்டும். நண்பகல் 12 முதல் 4 வரை கோயில்கள் நடை சாத்தியிருக்கும், வெயிலும் உச்சியில் இருக்கும். அது சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும். நான்கு மணிக்கு மேல் நடந்து ஊரைப் பாருங்கள். இருட்டிய பின் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டவே வேண்டாம். மாடுகள் சாலையில் படுத்திருக்கும், கிராமத்து வேகத்தடைகளுக்குப் பெயின்ட் இருக்காது. இன்னொன்றும் கவனியுங்கள். தமிழக அரசின் அருங்காட்சியகங்களுக்குப் பொதுவாக வெள்ளிக்கிழமை விடுமுறை, புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குத் திங்கள்கிழமை. இந்த இரண்டு நாளிலும் அந்த ஊர்களில் போய் விழாதபடி கிளம்பும் நாளைத் தேர்ந்தெடுங்கள்.

சென்னையிலிருந்து புதுச்சேரி: முதல் இரண்டு நாள்

ஐந்து மணிக்குத் திருவான்மியூரைத் தாண்டிவிட்டால் மாமல்லபுரத்துக்கு 50 கிலோமீட்டரும் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடவும்தான். யுனெஸ்கோ 1984இல் பட்டியலில் சேர்த்த இடம், எல்லோருக்கும் தெரிந்தது. ராஜசிம்ம பல்லவன் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய கடற்கரைக் கோயிலை மட்டும் காலை வெயிலில் பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

பெரும்பாலோர் தவறவிடுவது அதற்குத் தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்தை. டச்சுக்காரர்கள் மெல்லிய துணி வாங்கி ஏற்றுமதி செய்த இடம். செங்கல் கோட்டைக்குள் அவர்களுடைய கல்லறைகளில் கப்பலும் மரமும் செதுக்கியிருப்பார்கள். அங்கிருந்து கடப்பாக்கம் போய் ஆலம்பரைக் கோட்டை. 18ஆம் நூற்றாண்டில் கட்டி, 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1760இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்த கோட்டை. இடிந்த சுவருக்கு அந்தப் பக்கம் உப்பங்கழி, அதைத் தாண்டி மணல்திட்டு, அப்புறம் கடல். ஆற்று வாய் எப்படி அடைபடுகிறது என்பதைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல இடம் இந்தப் பாதையில் இல்லை. மரக்காணத்து உப்பளங்களைக் கடக்கும்போது உப்பு லாரிகள் தண்ணீர் சொட்டிக்கொண்டே போகும், அவற்றின் பின்னாலேயே ஒட்டிப் போகாதீர்கள்.

புதுச்சேரியில் இரண்டு இரவு. பிரெஞ்சுத் தெருக்களைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. முதலில் அருங்காட்சியகத்துக்குப் போங்கள், அப்புறம்தான் அரிக்கமேட்டுக்கு. தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் 1945இல் அங்கே தோண்டியபோது இத்தாலியில் செய்த சிவப்பு மட்பாண்டங்களும் மது ஜாடிகளின் துண்டுகளும் கிடைத்தன. ரோமானிய வணிகத்தைக் காலம் குறித்துச் சொல்ல உதவிய சான்றுகள் அவை. ஆனால் இடத்தில் இன்று இருப்பது மாந்தோப்பும் சில செங்கல் சுவர்களும் ஆறும்தான், அந்தச் சுவர்கள்கூட மிகப் பிற்காலத்தவை. பொருள்களைப் பார்த்துவிட்டுப் போனால் அந்த ஆற்றங்கரை புரியும். பார்க்காமல் போனால் வெறும் தோப்பு. கிளம்பும் முன் டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள், தமிழகத்தைவிட இங்கும் காரைக்காலிலும் பெட்ரோல் விலை குறைவு.

கடலூர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம்: மூன்றாம் நாள்

தூரம் குறைவு, 85 கிலோமீட்டருக்குள். கடலூர் தேவனாம்பட்டினத்தில் கெடிலம் கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது. 1690இல் மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயர் வாங்கும்போது பீரங்கியை எல்லாத் திசையிலும் சுட்டு, குண்டு போய் விழுந்த தூரம் வரை உள்ள கிராமங்கள் எல்லாம் தங்களுக்கு என்று எல்லை வகுத்தார்கள். 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்ததும் சில ஆண்டுகள் சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயருக்கு இதுதான் தலைமையிடம். 1758இல் பிரெஞ்சுப் படை தகர்த்துவிட்டதால் இப்போது மிச்சம் சொற்பம். அதற்காகக் கடந்துபோய்விடாமல் பழைய துறைமுகப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றுங்கள், மீன்பிடித் துறைமுகமாக அது உயிரோடு இருக்கிறது.

பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு. 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் மோதிய போர்க்களம் இந்த ஊர்ப்பக்கம்தான். 19ஆம் நூற்றாண்டில் இரும்பாலைகூட இங்கே நடந்தது. மதியச் சாப்பாட்டுக்கு மீன் இங்கே. மாலை பிச்சாவரத்தில் துடுப்புப் படகு. மோட்டார் படகைவிட அதுதான் அலையாத்திக் காட்டுக்குள் இடுக்கான கால்வாய்களில் நுழையும். இரவு சிதம்பரம்.

பூம்புகாரும் தரங்கம்பாடியும்: நான்காம் நாள்

நான் இந்தப் பயணம் முழுவதிலும் அதிகம் நேசிக்கும் பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கொள்ளிடப் பாலத்தைத் தாண்டி, சீர்காழியிலிருந்து கிழக்கே திரும்புங்கள். பூம்புகாரில் எல்லோரும் நேரே கடற்கரைக்கும் 1973இல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடத்துக்கும் போகிறார்கள். அதற்கு முன் கீழையூரில் வண்டியை நிறுத்துங்கள். 1960களின் தொடக்கத்தில் தொல்லியல் துறை அங்கே ஒரு செங்கல் படகுத்துறையைத் தோண்டி எடுத்தது. படகு கட்டும் மரக்கழிகள் நட்டபடியே கிடைத்தன. அந்த மரத்தைக் கார்பன் முறையில் ஆராய்ந்து கி.மு. 3ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்றார்கள். வேலியும் பலகையும் தவிர அங்கே ஆடம்பரம் எதுவும் இல்லை. ஆனால் சங்கப் பாட்டில் மட்டும் இருக்கும் ஊர் என்று நினைத்த புகாருக்குப் படகு கட்டிய கழி கிடைத்திருக்கிறது என்றால், அந்தச் செங்கல் முன் கொஞ்ச நேரம் நிற்கலாம். பக்கத்திலேயே பல்லவனீச்சரத்தில் பௌத்த விகாரையின் அடித்தளமும் இருக்கிறது. கடைசியில் கடற்கரையில் காவிரியின் வாயைப் பாருங்கள். மேட்டூரும் கல்லணையும் தாண்டி இங்கே வந்து சேரும் தண்ணீர் ஒரு வாய்க்கால் அளவுதான்.

அங்கிருந்து தரங்கம்பாடிக்குச் சுமார் 20 கிலோமீட்டர். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கருடன் டென்மார்க்குக்காரர்கள் ஒப்பந்தம் செய்து டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்கத் தகட்டில் தமிழில் எழுதிய கடிதம் கோபன்ஹேகனில் பாதுகாப்பாக இருக்கிறது. ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு 1706 ஜூலை 9 அன்று இந்தக் கரையில் இறங்கினார். ஜெர்மனியிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் அச்சுப்பொறியும் எழுத்துகளும் வரவழைத்து, 1715க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். அவர் கட்டிய புதிய எருசலேம் தேவாலயம் 1718இலிருந்து ராஜ வீதியில் நிற்கிறது. அதே தெருவின் மேற்குக் கோடியில் ஊர் வாசல். வண்டியை வாசலுக்கு வெளியே நிழலில் விட்டுவிட்டு உள்ளே நடந்தே போங்கள், ஊர் அவ்வளவு சின்னது.

கோட்டைக்கு வடக்கே பாண்டியர் காலத்து மாசிலாமணி நாதர் கோயில், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. இந்த ஊரின் பெரிய எதிரி போர் அல்ல, அலையும் ரயிலும்தான். 1845இல் டென்மார்க் இதை ஆங்கிலேயருக்கு விற்றது. 1861இல் ரயில் நாகப்பட்டினத்துக்கு வந்தது, வணிகமும் அங்கே போய்விட்டது. அப்படிப் புறக்கணிக்கப்பட்டதால்தான் இந்தத் தெருக்கள் இடிபடாமல் தப்பின. இரவு இங்கேயே தங்குங்கள். பகல் பயணிகள் போனபிறகு கோட்டைச் சுவரோரம் இருவர் உட்கார இடம் தாராளமாகக் கிடைக்கும்.

காரைக்காலிலிருந்து வேதாரண்யம்: ஐந்தாம் நாள்

நாகூரில் ஷாகுல் ஹமீது தர்காவின் உயரமான மினாரா 131 அடி. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக்கொடுத்தது. தலையை மூடிக்கொண்டு உள்ளே போய்வந்து, வெளியே சூடாக வாடா என்ற பலகாரம் வாங்கிச் சாப்பிடுங்கள், மேலே இறால் பதித்ததாகப் பார்த்து. நாகப்பட்டினத்தில் ராஜராஜ சோழன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய சூடாமணி விகாரை இருந்தது. அதற்கு ஆனைமங்கலத்தைக் கொடையாகத் தந்த செப்பேடு நெதர்லாந்தின் லெய்டன் நகரத்துக்குப் போனது. இங்கே கிடைத்த புத்தர் செப்புச் சிலைகளைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம், கிளம்புவதற்கு முந்தைய வாரமே பார்த்துவிடுவது நல்லது. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா, அப்போது இந்தச் சாலை முழுக்க நடந்துவருபவர்களால் நிறைந்திருக்கும்.

1930 ஏப்ரல் 30 அன்று ராஜாஜி உப்பு அள்ளிய வேதாரண்யத்தில் அகத்தியம்பள்ளி நினைவுத்தூணைப் பாருங்கள். பக்கத்திலேயே இன்றும் உப்பளம் நடக்கிறது. இரவு ஊருக்குள் சாதாரண லாட்ஜ்தான் கிடைக்கும்.

நீண்ட நாள்: வேதாரண்யம் முதல் இராமநாதபுரம்

பயணத்தின் கடினமான நாள் இது. கோடியக்கரையையும் சேர்த்தால் 240 கிலோமீட்டர் வரும். விடியலில் கோடியக்கரைக் காட்டில் வெளிமான்களையும், ஜனவரியில் பூநாரைகளையும் பார்த்துவிட்டு எட்டரைக்கெல்லாம் திரும்பிவிடுங்கள். சோழர் காலத்துக் கலங்கரை விளக்கத்தின் மிச்சத்தை 2004 சுனாமி கொண்டுபோனது.

முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் வழியாக மனோராவுக்கு. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாடத் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி கட்டிய எட்டு அடுக்குக் கோபுரம் அது. ஐரோப்பாவில் நடந்த போருக்குப் பாக் நீரிணைக் கரையில் நினைவுச்சின்னம் எழுப்பிய அந்த மன்னரின் நிலைமையை யோசித்தால் மனசு கனக்கும். ஆட்சி கையில் இல்லாத அரசர் அவர். கோபுரத்தின் நிழலில் நீண்ட ஓய்வு எடுங்கள். அப்புறம் கோட்டைப்பட்டினம், மீமிசல், தொண்டி என்று சாலை நேராக, தட்டையாக, ஆள் நடமாட்டமில்லாமல் ஓடும். தூக்கம் வருவது இங்கேதான். ஓட்டுபவரை மாற்றிக்கொள்ள முடிந்தால் மீமிசலில் மாற்றுங்கள். சாலையோரம் மணல் படிந்திருக்கும், நடுத்தடத்தை விட்டு இறங்காதீர்கள். முடியவில்லை என்றால் தொண்டியிலேயே தங்கிவிடுங்கள்.

இராமேசுவரம், தனுஷ்கோடி: ஏழாம் நாள்

1988இல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்தில் பக்கக்காற்று பலமாக அடிக்கும். 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் வேண்டாம், பின்னால் இருப்பவர் எழுந்து படம் எடுக்கவும் வேண்டாம். படம் எடுக்கப் பாலத்தின் மேலேயே வண்டியை நிறுத்துகிறவர்களால்தான் அங்கே ஆபத்து. பாலம் இறங்கியதும் ஓரமாக நிறுத்தி நடந்து வந்து பாருங்கள். பக்கத்தில், 1914இன் பழைய ரயில் பாலத்துக்குப் பதிலாக 2025 ஏப்ரலில் திறந்த செங்குத்தாகத் தூக்கும் புதிய பாலம் தெரியும்.

தனுஷ்கோடிக்குக் காலையிலேயே போங்கள். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் ஊரோடு ஒரு பயணிகள் ரயிலும் போனது. அதற்கு முன் ஐம்பது ஆண்டு தலைமன்னாருக்குக் கப்பல் போன துறை இது. அரிச்சல்முனை வரை இப்போது தார்ச்சாலை, மாலையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இடிந்த தேவாலயத்தின் சுவரில் ஏறாதீர்கள், உதிர்கிறது. இரவு அறைக்கு வந்ததும் வண்டியை நல்ல தண்ணீரில் கழுவி, செயினைத் துடைத்து லூப் போடாமல் தூங்கக் கூடாது.

தூத்துக்குடி வழியாகக் குமரி: எட்டு முதல் பத்தாம் நாள்

கீழக்கரையில் பழைய ஜும்மா பள்ளிவாசலின் கல்தூண்களைப் பாருங்கள், கோயில் மண்டபத்துக்கும் அதற்கும் ஒரே சிற்பிமரபு. வழிக்குத் தொதல் என்ற இனிப்பு வாங்கிக்கொள்ளுங்கள். சாயல்குடி, வேம்பார் தாண்டி மதியத்துக்குள் தூத்துக்குடி. முத்துக்குளித்துறையின் பனிமய மாதா கோயில் 1713இல் எழுந்தது. வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கி, இங்கிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்டார். இரவு பரோட்டா, அப்புறம் மக்ரூன்.

மறுநாள் 60 கிலோமீட்டருக்குள்தான் ஓட்டம், ஆனால் தவறவிடக் கூடாத நாள். கொற்கை பாண்டியரின் துறைமுகம். இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே, வாழைத்தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. தாமிரபரணி வண்டலைக் கொண்டுவந்து கொட்டக் கொட்டக் கரை விலகியது, துறைமுகம் பழையகாயலுக்கு நகர்ந்தது. அதுவும் தூர்ந்தபோது வணிகம் காயல்பட்டினத்துக்கும் தூத்துக்குடிக்கும் போனது. பைக்கில் கொற்கையிலிருந்து பழையகாயல் வழியாகக் காயல்பட்டினம் வரை போகும்போது அந்த நகர்வை அதே வரிசையில் நீங்களும் கடக்கிறீர்கள். திருச்செந்தூரில் தங்குங்கள். விடுமுறை நாள், சஷ்டி என்றால் அறை கிடைக்காது.

கடைசி நாள் மணப்பாடு. 1542இல் பிரான்சிஸ் சேவியர் வந்து தங்கிய குகையும், குன்றின் மேல் 1581இன் திருச்சிலுவைக் கோயிலும். வழியில் உடன்குடிக் கருப்பட்டி. உவரி தாண்டிக் குமரிக்குள் நுழையும் முன் வட்டக்கோட்டைக்குத் திரும்புங்கள். 1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் சிறைப்பட்ட டச்சுத் தளபதி டிலனாய், பிறகு திருவிதாங்கூருக்கே படைத்தலைவராகிக் கட்டியெழுப்பிய கோட்டை. அதன் மதில்மேல் நின்றால் ஒருபுறம் கடல், மறுபுறம் மேற்குத் தொடர்ச்சி மலை.

நாள் குறைவாக இருந்தால், திரும்பி வரும்போது

ஆறு நாள்தான் என்றால் சென்னையிலிருந்து வேதாரண்யம் வரை மட்டும் போய்த் தஞ்சாவூர் வழியாகத் திரும்புங்கள். முழுப் பாதையையும் ஆறு நாளில் திணிக்க வேண்டாம். நான்கு நாள் என்றால் புதுச்சேரியும் தரங்கம்பாடியும் போதும்.

குமரியிலிருந்து அதே சாலையில் திரும்ப வேண்டியதில்லை. நாகர்கோவிலில் ரயிலில் பைக்கைப் பார்சலாகப் போட்டுவிட்டு நீங்களும் ரயிலில் வரலாம். பெட்ரோலை முழுக்க வடித்துவிட வேண்டும், ஆர்சி நகலும் அடையாள அட்டை நகலும் தர வேண்டும். கண்ணாடி, இண்டிகேட்டர், டேங்க் மூன்றையும் நன்றாகப் பொதியச் சொல்லுங்கள். ஸ்டேஷனுக்கு முந்தைய நாளே போய்ப் பேசினால் அலைச்சல் மிச்சம். ஓட்டியே வருவதென்றால் மதுரையில் ஓர் இரவு கட்டாயம் தங்குங்கள். வீடு வந்ததும் சர்வீஸில் பிரேக்கைக் கழற்றிக் கழுவி, செயினோடு ஸ்ப்ராக்கெட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். மணல் அதற்குள்தான் தங்கியிருக்கும்.